அத்திக்காய்க்குள் நடப்பவை

அத்தி பூத்ததைப் பார்த்தவர் இல்லை என்பார்கள். அடிமரத்தில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் பச்சைக் காயே அதன் பூங்கொத்து; நுண்பூக்கள் அதன் உட்சுவரில் உள்நோக்கி மலர்கின்றன. உள்ளே போக ஒரே வழி, நுனியில் செதில்கள் அடைத்த சிறு துளை.

அதில் நுழைந்து மகரந்தம் சேர்ப்பது சுமார் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள அத்திக்குளவி. காயின் மணத்தைப் பிடித்து வரும் பெண் குளவிக்கு, செதில்களுக்கிடையே நெருக்கி நுழையும்போதே இறக்கைகள் பிய்ந்துவிடும். சூலகத் தண்டு குட்டையாக உள்ள பூக்களில் பெரும்பாலும் முட்டையிடும். நீண்ட தண்டுள்ளவை அது கொண்டுவந்த மகரந்தத்தால் விதையாகும். தன் பூக்களில் ஒரு பங்கை மரம் இப்படிக் கூலியாகக் கொடுக்கிறது. சில வாரம் கழித்து, அந்த முட்டைகளிலிருந்து வளர்ந்த இறக்கையில்லாத ஆண் குளவிகள் பெண்களோடு கூடி, காயைக் குடைந்து வழி செய்துவிட்டு மடிகின்றன. மகரந்தத்தோடு வெளியேறும் பெண்ணுக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் பூத்த காய் வேறெங்காவது இருந்தாக வேண்டும். அதனால்தான் அத்திகள் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை; மற்ற மரங்கள் வெறுமையாய் நிற்கும் மாதங்களிலும் குக்குறுவானுக்கும் இருவாச்சிக்கும் பழந்தின்னி வவ்வாலுக்கும் எங்காவது ஓர் அத்தி பழுத்திருக்கும்.

இந்த உறவில் புகுந்து திருடும் குளவிகளும் உண்டு. மகரந்தம் சேர்க்காமல், ஊசிபோன்ற நீண்ட குழாயால் காயை வெளியிலிருந்தே துளைத்து முட்டையிடுபவை அவை. சிலவற்றின் புழுக்கள் மகரந்தக் குளவியின் புழுக்களையே தின்கின்றன.

துளைத்து முடிக்க நேரமாகும். அதற்குள் எறும்பு பிடித்துவிடும். தென்னாப்பிரிக்க அத்தி இனம் ஒன்றில் காம்ப்டன், ராபர்ட்சன் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதில் இன்னொரு முடிச்சைக் காட்டியது. அந்த மரத்தில் ஒரு பூச்சி சாறு உறிஞ்சுகிறது. அது கசியவிடும் இனிப்புநீருக்காக எறும்புகள் காய்களில் மொய்க்கின்றன. எறும்பு மொய்த்த காய்களில் திருட்டுக் குளவிகள் குறைவு. விதைகளும் மகரந்தக் குளவிகளும் அதிகம். சாறு உறிஞ்சும் பூச்சியைத் தனியே பார்த்தால் மரத்துக்குப் பகை. எறும்போடு சேர்த்துப் பார்த்தால் மரத்தின் விதைக்கே அது காவல் சேர்க்கிறது.

பழம் தின்ற பறவை எச்சமிடும் இடத்தில் உறவு மறுபடி மாறுகிறது. அத்தியின் இனமான ஆலின் விதை, பனையின் மட்டை இடுக்கில் விழுந்து முளைத்து, வேரைத் தரைக்கு இறக்கிப் பனையைச் சுற்றிப் படர்கிறது. பின்னர் ஆலின் கிளைகள் மேலே விரிந்து பனங்குருத்துக்கு வெயில் படாமல் மறைத்துவிடுகின்றன.