பழைய கூட்டில் புதிய கோழி

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள், வீட்டின் பின்புறம் சிறிது மண் தரை வாய்த்தவர்கள் நான்கைந்து கோழிகளை வளர்ப்பதுண்டு. அன்றாடம் முட்டை கிடைக்கும்; சமையலறையில் கழியும் கீரைத் தண்டும் குருணையும் வீணாகா; விடியற்காலையில் கூட்டைத் திறந்துவிடும்போது ஊர் நினைவும் வந்து சேரும். ஆண்டுகள் செல்லச் செல்ல முட்டை குறையும். அப்பொழுது புதிய கோழிகளை வாங்கிச் சேர்க்க வேண்டியிருக்கும். மாற்றலாகி வேறு நகருக்குச் செல்லும் குடும்பத்தார் தம் கோழிகளை நம்மிடம் ஒப்படைத்துச் செல்வதும் உண்டு. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

நாம் ஜபல்பூரில் தரைத்தள வீடொன்றில் குடியிருந்த காலத்தில், நான்கு கிராமப்பிரியா கோழிகளை வைத்திருந்தோம். ஐதராபாத்திலுள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கிய இனம் அது. ஒருநாள் வாரச் சந்தையில் கடக்நாத் பெட்டை ஒன்றைக் கண்டோம். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்கு உரியதும், 2018ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதுமான கரிய கோழி இது. ஆசை மிகுந்து வாங்கிவந்தோம். இரவில் கூட்டினுள் விட்டுவிட்டால் காலையில் பழைய கோழிகள் வேற்றுமை அறியா என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தோம், அவ்வாறே செய்தோம்.

மறுநாள் கூட்டைத் திறந்தபோது, புதிய கோழி ஒரு மூலையில் தலையை மறைத்து ஒடுங்கிக் கிடந்தது. கொண்டையில் குருதி வடிந்திருந்தது. அதனை வெளியே எடுத்து, மருந்திட்டு, தனியறையில் ஒரு வாரம் வைத்திருந்து மீண்டும் விட்டோம். மீண்டும் அதே கதி நேர்ந்தது. மூன்றாம் முறை விட்ட இரண்டாம் நாள் அது இறந்தது. அன்று வீட்டிலுள்ள சிறுவர்கள், “நாலு கோழியும் கெட்ட கோழிகளா?” என்று வினவினர். நம்மால் உடனே விடை சொல்ல இயலவில்லை. பின்னர்ப் படித்தும் கேட்டும் அறிந்தபோது விடை விளங்கிற்று. கோழிகள் கெட்டவையல்ல, அவசரப்பட்டவர்கள் நாமே.

கோழிகள் கூடி வாழும் இடத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. நார்வே நாட்டு விலங்கியலறிஞர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே என்பவர் சிறுவயது முதலே கோழிகளை உற்றுநோக்கிக் குறிப்பெடுத்து வந்தார். தம் ஆராய்ச்சியை 1922ஆம் ஆண்டில் வெளியிட்டார். கூட்டத்திலுள்ள எந்த இரு கோழிகளை எடுத்துக்கொண்டாலும், அவற்றுள் ஒன்று கொத்தும் உரிமை உடையது, மற்றது விலகிச் செல்வது என்று அவர் கண்டார். முதலாவது நிற்கும் கோழி எல்லாவற்றையும் கொத்தலாம். கடைசியில் நிற்பது எதனையும் கொத்த இயலாது. ஆங்கிலத்தில் ‘பெக்கிங் ஆர்டர்’ எனும் தொடர் இவ்வாராய்ச்சியின் வழியே வந்தது. நாம் அதனைக் ‘கொத்து வரிசை’ எனலாம். அலுவலகங்களில் பணிபுரிவோர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

இவ்வரிசை கொடுமைக்காக ஏற்பட்டதன்று. ஒருமுறை வரிசை நிலைபெற்றுவிட்டால், பெரும்பாலும் ஒரு பார்வையோ தலையசைப்போ போதும். தீவனத் தொட்டியண்டை சண்டை நிகழாது. ஆதலின், நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த கூட்டம் அமைதியாக இருக்கிறது. புதிய கோழி ஒன்று நுழைந்தவுடன் அவ்வமைதி குலைகிறது. அதற்கு வரிசையில் இடம் இல்லை. பழைய கோழி ஒவ்வொன்றோடும் தன் இடத்தை அது தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே சிறிய கணக்கொன்று பயன்படும். நான்கு கோழிகளிடையே ஒரு கோழியைச் சேர்த்தால், தீர வேண்டிய புதிய வழக்குகள் நான்கு. நான்கும் அந்த ஒரே கோழியின் தலையில் விழுகின்றன. இரண்டைச் சேர்த்தாலோ வழக்குகள் மிகுந்தாலும், கொத்து இருவர்க்கும் பகிர்ந்து போகும்; ஒன்றுக்கொன்று துணையும் ஆகும். எனவே முதல் விதி இது: ஒற்றைக் கோழியை ஒருபோதும் சேர்க்கலாகாது, இரண்டேனும் வேண்டும். அவை முன்பே ஒன்றாய் வளர்ந்தவையாகவும், உருவில் பழைய கோழிகளுக்கு ஏறத்தாழ ஒத்தவையாகவும் இருத்தல் நலம். நாம் வாங்கிய கடக்நாத்தோ தனியாக வந்தது, உருவில் சிறியது, நிறத்திலும் வேறுபட்டது. மூன்று குறையும் ஒருங்கே சேர்ந்துவிட்டன.

இரண்டாம் விதி, தனித்து வைத்தல். சந்தையிலிருந்து வரும் கோழி நோயைக் கொண்டுவரக்கூடும். வெள்ளைக்கழிச்சல் என்று நம்மூரில் வழங்கும் நோய்க்கு வடநாட்டில் ‘ராணிக்கேத்’ என்று பெயர். இமயமலைச் சாரலில், இன்றைய உத்தராகண்டத்திலுள்ள ராணிக்கேத் நகரின் பெயரே நோய்க்கும் ஆயிற்று. நச்சுயிரி உடலில் புகுந்தபின் நோய் வெளிப்பட இரண்டு முதல் பதினைந்து நாள் வரை ஆகலாம். ஆகவே, வாங்கும் நாளில் நலமாகக் காணப்படுவது மட்டும் போதாது. மூன்று முதல் நான்கு வாரம் புதிய கோழிகளை வேறிடத்தில், பழைய கூட்டுக்கு இயன்ற அளவு தொலைவில் வைக்க வேண்டும். தீவனம் வைக்கும்போது முதலில் பழைய கோழிகளையும், பிறகு புதியவற்றையும் கவனித்து, கைகால்களைக் கழுவுதல் அவசியம். தும்மல், சளி, பச்சை நிறக் கழிச்சல், இறகடியில் பேன் ஆகியவை உண்டா என நாள்தோறும் பார்த்தறிக. தடுப்பூசி பற்றி அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டறியலாம். சுற்றுவட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் எனும் செய்தி இருக்குமானால், அக்காலத்தில் கோழி வாங்குவதையே தவிர்த்தல் அறிவுடைமை. 2006ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதல் இந்நாட்டில் தோன்றிய அந்நோய், அதன்பின் பல மாநிலங்களில் அவ்வப்போது தலைகாட்டி வந்துள்ளது.

மூன்றாம் விதி, கண்டு பழகுதல். தனித்திருக்கும் காலம் முடிந்தபின், கம்பிவலைத் தடுப்பு ஒன்றை அமைத்துப் புதியவற்றை ஒருபுறமும் பழையவற்றை மறுபுறமும் விடுக. ஒன்றையொன்று காணலாம்; கொத்த இயலாது. வலையின் இருபுறமும் அருகருகே தீவனம் வைத்தால், அயலார் அண்டையில் இருக்கும்போதே உண்ணும் பழக்கம் ஏற்படும். ஊரில் பஞ்சாரத்தால் கோழியைக் கவிழ்த்து மூடி முற்றத்தில் வைப்பார்களே, ஓரிரு கோழிகளுக்கு அதுவே போதும். உள்ளே நீரும் மேலே நிழலும் இருக்கட்டும். இவ்வாறு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை செல்லட்டும். வலைமேல் பாய்வதும் சீறுவதும் அடங்கிய பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

நான்காவதாக, கலந்து விடுதல். இதற்கு மாலை வேளையே உகந்தது. அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, கூட்டினுள் அன்றித் திறந்த வெளியில் விடுக. அன்று இருமடங்கு இடங்களில் தீவனமும் நீரும் வைத்தல் வேண்டும். ஒரே தொட்டி என்றால் வலிய கோழி அதனைக் காவல் காத்து நின்றுவிடும். கீரைக் கட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் கவனம் அதன்மேல் செல்லும். சாய்த்து வைத்த பலகை, பழைய கூடை, செடிப் புதர் போன்றவை ஒளிய இடமளிக்கும். ஆனால் ஒருவழி மட்டும் உள்ள பொந்து ஆகாது. உள்ளே புகுந்த கோழி மறுபுறம் வெளியேற வழி இருக்க வேண்டும். முதல் சில நாள் நாம் அருகிருந்து பார்த்தல் இன்றியமையாதது. இருட்டியபின் கூட்டில் சேர்த்து வைத்தாலும், விடியுமுன் எழுந்து கதவைத் திறந்துவிட வேண்டும். நெருக்கடியான கூட்டினுள் விடிந்தபின் கழியும் அரைமணி நேரமே பல கோழிகளுக்கு எமனாகிறது.

பருவத்தையும் கருத வேண்டும். வடநாட்டில் வைகாசி, ஆனி மாதங்களில் அனற்காற்று வீசும்போது கோழிகள் வாய் திறந்து இளைக்கின்றன; அந்நிலையில் துரத்தப்பட்டால் உயிருக்கே இடர். கடுங்குளிர் நாள்களில், அடையும் கழியில் இடம் கிடைக்காத கோழி தரையில் கிடந்து வாடும். இரண்டுக்கும் இடைப்பட்ட மிதமான நாள்களே ஏற்றவை.

இனி, எது இயல்பு, எது துன்புறுத்தல் என்பதைப் பகுத்தறிய வேண்டும். தலையில் ஒரு கொத்து, ஓர் அடி விலகல், சிறிது துரத்தல், அவ்வளவோடு நின்றால் அது வரிசை ஏற்படும் முறை, தலையிட வேண்டா. நாம் இடைபுகுந்து பிரிக்குந்தோறும் வழக்கு தீராமல் நீளும். ஆனால் குருதி கண்டாலோ, பல கோழிகள் கூடி ஒன்றை மூலையில் மடக்கினாலோ, ஒரு கோழி தீவனத்தையும் நீரையும் அணுகவே முடியாமல் மெலிந்தாலோ, உடனே தலையிடுக. குருதியின் சிவப்பு மற்றக் கோழிகளையும் கொத்தத் தூண்டும். காயம்பட்டதை அகற்றி, வெதுவெதுப்பான உப்புநீரால் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுவது வீட்டு வழக்கம். காயம் ஆழமாயின் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். ஆறும்வரை அதனை வலைத் தடுப்புக்குள், மற்றவை காணும்படி வைத்திருக்க வேண்டும். கண்மறைவில் வாரக்கணக்காக வைத்திருந்தால், திரும்பும்போது அது மீண்டும் அயலாராகவே கருதப்படும். நாம் ஜபல்பூரில் செய்த பெரும்பிழை இதுவே.

காயமில்லாத நிலையில் தொல்லை தொடருமாயின், யாரை அகற்றுவது? அடிபடுவதை அகற்றவே மனம் விரும்பும். ஆனால் அகற்ற வேண்டியது அடிக்கும் கோழியை. பெரும்பாலும் ஒரு கோழியே தலைமை தாங்கித் துரத்தும், மற்றவை பின்செல்லும். அதனைக் கண்டறிந்து மூன்று நான்கு நாள் கண்மறைவில் வைத்திடுக. அதற்குள் எஞ்சியவை தமக்குள் புதிய வரிசையை அமைத்துக்கொள்ளும். புதியவையும் அதில் ஓர் இடம் பெறும். திரும்பிவரும் கோழி, தானே தன் இடத்தைத் தேட வேண்டிய நிலையில் இருப்பதால், அதன் முனைப்பு பெரும்பாலும் குறைந்திருக்கும். இரண்டு மூன்று முறை செய்தும் பயனில்லையேல், அக்கோழியை வேறொருவர்க்குக் கொடுப்பதே வழி. சண்டைக்கென வளர்க்கப்பட்ட அசில் இனத்தைச் சாதுவான கோழிகளோடு சேர்ப்பது தொடக்கத்திலேயே தவிர்க்கத்தக்கது.

எல்லாக் குற்றமும் புதிய வரவால் நேர்வதன்று. இடநெருக்கம் கொத்தலை வளர்க்கும். கூட்டினுள் கோழி ஒன்றுக்கு 4 சதுர அடி, வெளியே 10 சதுர அடி, அடையும் கழியில் 8 அங்குலம் என்பன நல்ல அளவுகள். நான்கு, ஐந்து கோழிகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி போதும். எஞ்சிய சோறும் குருணையும் மட்டும் தின்னும் கோழிகள் புரதக் குறைவால் ஒன்றன் இறகை மற்றொன்று பிடுங்கித் தின்னத் தொடங்கும். பூசணம் பிடிக்காத கடலைப் பிண்ணாக்கும், சிறிது கருவாட்டுத் தூளும் சேர்த்தால் குறை தீரும். புதியவை இன்னும் முட்டையிடாத இளங்கோழிகளானால் மற்றொரு கவனமும் வேண்டும். முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது இளங்கோழியின் சிறுநீரகத்துக்குக் கேடு. அக்காலத்தில் எல்லாக் கோழிகளுக்கும் வளர் தீவனமே வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடலாம். வேண்டிய கோழி உண்ணும்.

ஓராண்டு கழித்து, இம்முறைகளைக் கைக்கொண்டு இரண்டு கடக்நாத் பெட்டைகளை மீண்டும் வாங்கினோம். தனித்து வைத்தது நான்கு வாரம். வலைக்கப்பால் வைத்தது பத்து நாள். கலந்து விட்டபின் ஒரு பழைய கோழியை நான்கு நாள் அகற்ற வேண்டியிருந்தது. மேலும் மூன்று வாரம் சென்றபின், ஒரு மாலை ஆறு கோழிகளும் ஒரே கழியில் அடைந்திருக்கக் கண்டோம். கரியவை இரண்டும் கழியின் ஓரத்தில்தான் இருந்தன. நெடுநாள் வரிசையின் கடைசியிலேயே அவை நின்றன. அதனை மாற்ற நம்மால் ஆகாது, மாற்ற வேண்டுவதும் இல்லை. வரிசையைக் கோழிகளே வகுத்துக்கொள்ளும். கடைசியில் நிற்கும் கோழிக்கும் வயிறார உணவும், நீரும், விலகி ஓட ஒரு வழியும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே வளர்ப்போர் கடமை.