வீட்டு வெப்பமும் சத்திச் சிக்கனமும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் உறையுளின் பயன் யாது என வினவின், மழையையும் காற்றையும் தடுத்தல் எனப் பலர் விடை கூறுவர். நுணுகி நோக்குவார்க்கு அதனினும் அடிப்படையான பயன் ஒன்று புலனாகும். மனித உடலின் உள்வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை சதமளவையில் நிலைத்திருத்தல் வேண்டும். உண்ட உணவின் பயனாக, வாளா அமர்ந்திருக்கும் ஒருவரின் உடலும் ஏறத்தாழ 100 உவாற்று வெப்பத்தை இடையறாது பிறப்பிக்கின்றது. அவ்வெப்பம் அளவாக வெளியேறின் உடல் இன்புறும். மிகுதியாக வெளியேறிற் குளிர் வாட்டும். வெளியேற வழியின்றித் தங்கிற் புழுக்கம் வருத்தும். இவ்வெளியேற்றத்தை ஓர் அளவில் நிறுத்த உதவுவதே வீடு.

வீடு இப்பணியைச் செய்யத் தவறுமிடத்து மனிதன் இயந்திரத்தின் துணையை நாடுகின்றான். குளிர் நாடுகளில் வெப்பமூட்டிகளும் வெப்ப நாடுகளில் வளிச்சீராக்கிகளும் இவ்வாறே மனை புகுந்தன. ஐரோப்பிய ஒன்றியத்து வீடுகளிற் செலவாகும் சத்தியில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு அறைகளை வெப்பமூட்டுதற்கே பயன்படுகின்றது. சர்வதேசச் சத்தி முகவரகம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் நுகரப்படும் மின்சாரத்திற் பத்திலொரு பங்கு வளிச்சீராக்கிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் செலவாயிற்று. அப்பொழுது 160 கோடியாக இருந்த வளிச்சீராக்கிகளின் தொகை 2050ஆம் ஆண்டளவில் 560 கோடியாகப் பெருகும் எனவும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. ஆதலின், இத்துறையிற் சிக்கனம் என்பது ஒரு வீட்டாரின் மின்கட்டணத்தோடு அமைந்துவிடும் பொருளன்று.

ஓர் அறையை வேண்டிய வெப்பநிலையில் வைத்தற்கு மூன்று வழிகள் உள. வெப்பத்தை ஆக்குதல் ஒன்று. ஓரிடத்து வெப்பத்தைப் பிறிதோரிடத்துக்குப் பெயர்த்தல் மற்றொன்று. வெப்பம் வேண்டாத திசையிற் செல்லாதவாறு காத்தல் மூன்றாவது. இம்மூன்றனுள் ஆக்குதல் செலவு மிக்கது. பெயர்த்தல் அதனிற் சிக்கனமானது. காத்தல் எல்லாவற்றினும் சிக்கனமானது. ஆயினும், நடைமுறையில் மக்கள் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாகவே கைக்கொள்கின்றனர். சத்தி விரயமாவதற்கு முதற்காரணம் இதுவே.

ஆக்குதலை முதலில் நோக்குவோம். திறந்த அடுப்பில் விறகையோ நிலக்கரியையோ எரித்துக் குளிர்காய்தல் தொன்மையான முறை. அதன் வெப்பத்திற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானிற் கலந்துவிடும். மின்வெப்பமூட்டியில் இவ்விழப்பு இல்லை. அது பெறும் மின்சத்தி முழுவதும் வெப்பமாக அறையினுள்ளே வெளிப்படுகின்றது. ஓர் அலகு கொடுத்து ஓர் அலகு பெறுகின்றோம். இதனினும் நன்று வேறு உண்டோ எனத் தோன்றலாம். வெப்பவியக்கவியல் உண்டென விடை பகர்கின்றது.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் ஒருகாலத்தில் துலா மிதித்து நீரிறைத்தனர். துலா மிதிப்போன் நீரை ஆக்குவதில்லை. கிணற்றில் உள்ள நீரை மேலே உயர்த்துகின்றான். அவனது உழைப்பு இறைக்கும் நீரின் அளவையும் கிணற்றின் ஆழத்தையும் பொறுத்தது. வெப்பமும் இத்தகையதே. அது தானாக உயர்வெப்பநிலையிலிருந்து தாழ்வெப்பநிலைக்கே பாயும். அதனை எதிர்த்திசையிற் செலுத்த வேண்டின் வேலை செய்தல் வேண்டும். வெப்பநிலை வேறுபாடே ஈண்டுக் கிணற்றின் ஆழம். 1824ஆம் ஆண்டிற் பிரெஞ்சுப் பொறியியலாளர் சாடி கார்னோ வெப்ப எஞ்சின்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு அடித்தளமிட்டது. பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தொம்சன், 1852ஆம் ஆண்டில், குளிர்ந்த வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தைக் கவர்ந்து கட்டிடங்களைச் சூடாக்கும் பொறியொன்றை அறிமுறையாக விளக்கினார். இன்று வெப்பப் பம்பி எனப்படுவது அதுவே.

இதன் தொழிற்பாடு எளிது. எளிதில் ஆவியாகும் பாய்பொருள் ஒன்று மூடிய குழாயிற் சுற்றி வருகின்றது. தாழ்ந்த அமுக்கத்தில் அது ஆவியாகுங்கால் தன்னைச் சூழ்ந்துள்ள வெப்பத்தை உறிஞ்சுகின்றது. அவ்வாவியை அமுக்கியொன்று நெருக்க, அதன் வெப்பநிலை உயர்கின்றது. பின்னர் அது ஒடுங்கித் திரவமாகுமிடத்து, உறிஞ்சிய வெப்பத்தையும் அமுக்கி செய்த வேலையையும் ஒருங்கே வெளிவிடுகின்றது. வெளியே 0 பாகையும் உள்ளே 20 பாகையும் இருப்பின், அறிமுறைப்படி ஓர் அலகு வேலைக்குப் பதினான்கு அலகுக்கு மேல் வெப்பம் பெறலாம். உராய்வு முதலிய இழப்புகளால் நடைமுறையில் மூன்று அல்லது நான்கு அலகே கிடைக்கும். அதுவும் மின்வெப்பமூட்டி தருவதைப்போல் மூன்று, நான்கு மடங்கன்றோ! சூரிச் நகரின் மன்றக் கட்டிடத்தில் 1938ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வெப்பப் பம்பி, அருகே ஓடும் லிம்மாற் ஆற்றின் குளிர்நீரிலிருந்து வெப்பத்தை இறைத்து மண்டபத்தைச் சூடாக்கிற்று. நிலக்கரிக்குப் பிறநாடுகளை எதிர்நோக்கியிருந்த சுவிற்சர்லாந்துக்கு அது பெரியதோர் ஆறுதலாயிற்று.

கிணறு ஆழங்குறையின் உழைப்பும் குறையும் என்னும் விதி இங்கும் செல்லும். 60 பாகை வெந்நீரைச் சிறிய வெப்பத் தட்டுகளிற் செலுத்துவதிலும், 35 பாகை நீரைத் தரையின் கீழ்ப் பரப்பிய குழாய்களிற் செலுத்துவது சிக்கனமானது. பரப்பு விரியுமிடத்து வெப்பநிலை தாழ்ந்திருந்தாலும் அறைக்கு வேண்டிய வெப்பம் வந்து சேரும். பம்பியின் உழைப்போ பெரிதும் குறையும்.

வளிச்சீராக்கியும் இதே பொறிதான். வேறுபாடு திசையொன்றே. வெப்பப் பம்பி வெளிவெப்பத்தை உள்ளே கொணர்கின்றது. வளிச்சீராக்கி உள்வெப்பத்தை வெளியே தள்ளுகின்றது. அமெரிக்கப் பொறியியலாளர் வில்லிஸ் கரியர் 1902ஆம் ஆண்டிற் புரூக்ளின் நகரத்து அச்சகமொன்றுக்கு முதன்முதலில் இத்தகைய அமைப்பை வகுத்தபோது, அவர் கருதியது மனிதரின் சுகத்தையன்று. காற்றின் ஈரப்பதனால் அச்சுத்தாள் விரிந்து சுருங்கி, நிறங்கள் ஒன்றன்மேலொன்று பொருந்தாதுபோயின. அக்குறையைத் தீர்ப்பதே அவர் நோக்கம். வளிச்சீராக்கியின் ஆற்றலைத் 'தொன்' கணக்கிற் கூறும் வழக்கமும் ஒரு பழைய வரலாற்றின் எச்சமே. அமெரிக்க அளவைத் தொன் ஒன்று, அஃதாவது 2000 இறாத்தல் பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகுங்கால் உறிஞ்சும் வெப்பமே ஒரு தொன் குளிரூட்டலாகும். அது ஏறத்தாழ 3.5 கிலோவாற்றுக்குச் சமம்.

ஒரு தொன் வளிச்சீராக்கி ஏறத்தாழ ஒரு கிலோவாற்று மின்வலுவைக் கொண்டு அறையினின்று 3.5 கிலோவாற்று வெப்பத்தை அகற்றுமெனின், அது தெருவில் விடுவது 4.5 கிலோவாற்று வெப்பமாகும். அறை குளிரத் தெரு சூடேறுகின்றது. நெருங்கிய நகரங்களில் ஒருவரது குளிர்ச்சி அயலவரது புழுக்கத்தை மிகுவிக்கின்றது.

இப்பொறியைக் கையாளுவோர் உணரவேண்டிய உண்மைகள் சில உள. வெளியே 32 பாகையாக இருக்குங்கால் அறையை 26 பாகையில் வைப்போர் ஆறு பாகை வேறுபாட்டை நிறுத்துகின்றனர். 20 பாகையில் வைப்போர் பன்னிரண்டு பாகை வேறுபாட்டை நிறுத்துகின்றனர். பின்னவர்க்குக் கிணறும் ஆழமாகின்றது. சுவர் வழியே வந்து புகும் வெப்பம் மிகுதலால் இறைக்க வேண்டிய நீரும் பெருகுகின்றது. வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தி வைப்பின் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிஞ்சும் என்பது இந்திய அரசின் சத்தித்திறன் பணியகத்தார் கூறும் கணக்கு. அந்நாட்டில் விற்பனையாகும் அறை வளிச்சீராக்கிகள் 24 பாகையிற் தொடங்குமாறு அமைக்கப்படல் வேண்டும் என்னும் விதி 2020ஆம் ஆண்டு தைத்திங்கள் முதல் நடைமுறைக்கு வந்தது. யப்பானிய அரசு 2005ஆம் ஆண்டிலேயே அலுவலகங்களைக் கோடையில் 28 பாகையில் வைக்குமாறும், கழுத்துப்பட்டியையும் மேலங்கியையும் தவிர்க்குமாறும் பணித்தது. உடையும் ஒரு வெப்பக் காவலி என்பதை உணர்ந்த பணிப்பு அது.

அறை விரைவிற் குளிரும் எனக் கருதி 16 பாகையைக் குறித்து வைப்போர் பலர். சாதாரணப் பொறியின் அமுக்கி ஓடும் அல்லது நிற்கும்; குறித்த எண் தாழ்வதால் அது வேகமாக ஓடுவதில்லை. அறை கூடுதலாகக் குளிர்ந்து சத்தி வீணாவதே கண்ட பயன். 1980களின் தொடக்கத்தில் யப்பானில் வீட்டுப் பாவனைக்கு வந்த, அமுக்கியின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் பொறிகள், ஓடி நிற்கும் இழப்பைத் தவிர்த்து மின்சாரத்தைச் சேமிக்கின்றன. வடிதட்டில் தூசி படிந்திருப்பினும், கதவின் கீழ் இடைவெளி இருப்பினும், எப்பொறியும் வீணே உழைக்கும்.

மின்விசிறியோ அறையைக் குளிர்விப்பதில்லை. அது தோலின்மேற் காற்றை ஓட்டி வியர்வையை ஆவியாக்குகின்றது; அவ்வாவியாதலே உடலைக் குளிர்விக்கின்றது. சாதாரணக் கூரை விசிறி ஏறத்தாழ 75 உவாற்று மின்வலுவையே வேண்டும். வளிச்சீராக்கி வேண்டுவதில் அது பத்திலொரு பங்குக்கும் குறைவு. ஆகவே, ஆளில்லா அறையில் விசிறி சுழல்வது வீண். ஆள் இருக்கும் அறையில் விசிறியைச் சுழலவிட்டு, வளிச்சீராக்கியை இரண்டு மூன்று பாகை உயர்த்தி வைத்தல் அறிவுடைமை.

இனிக் காத்தலை நோக்குவோம். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி குளிர் நாடுகளின் கண்களைத் திறந்தது. கனடாவின் றெஜைனா நகரில், குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 பாகைக்கும் தாழ்ந்து செல்லும். அங்கே 1977ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட ஆய்வு வீடொன்று, தடித்த வெப்பக் காவலிகளையும் காற்றுப் புகாத சுவர்களையும் கொண்டு, வெப்பத்தேவையை மிகச் சிறிதாக்கலாம் எனக் காட்டிற்று. யேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வொல்ப்காங் பைஸ்ற் என்னும் பௌதிக அறிஞர் முன்னின்று அமைத்த நான்கு வீடுகளில் 1991ஆம் ஆண்டில் மக்கள் குடிபுகுந்தனர். அதன்வழி எழுந்த அளவுகோலின்படி, ஒரு சதுரமீற்றர் பரப்பை ஆண்டு முழுவதும் வெப்பமூட்ட 15 கிலோவாற்று மணிக்கு மேற் செலவாதல் கூடாது. அந்நாட்டுப் பழைய வீடுகள் பல இதனிற் பத்து மடங்கும் அதற்கு மேலும் வேண்டுவன. வெளியேறும் அழுக்குக் காற்றின் வெப்பத்தை உட்புகும் தூய காற்றுக்கு மாற்றும் கருவியும் இவ்வீடுகளில் உண்டு. ஆதலால், அங்கு வாழ்வோர் மூச்சுத் திணறுவதில்லை, வெப்பமும் வீணாவதில்லை.

வெப்ப நாடுகளிற் காத்தல் என்பது பெரும்பாலும் நிழல் செய்தலே. நண்பகற் சூரியன் ஒரு சதுரமீற்றர் கூரைமீது ஏறத்தாழ ஒரு கிலோவாற்று சத்தியைப் பொழிகின்றது. நிலநடுக்கோட்டை அடுத்த இலங்கையில் ஆண்டு முழுவதும் அச்சூரியன் உச்சியை ஒட்டியே செல்வதால், வீட்டின் உறுப்புகளுட் கூரையே மிகுதியாகக் காய்கின்றது. அதற்கடுத்துக் கிழக்கு, மேற்குச் சுவர்கள். கூரைக்கு வெண்பூச்சிடல், கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே காற்றோட்டம் விடல், மேற்கே மரம் வளர்த்தல் ஆகியன சிறு செலவிற் பெரும்பயன் தருவன.

முன்னோர் இவற்றை அறியாதவரல்லர். சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி என இருவகைப் பள்ளியறைகள் பேசப்படுகின்றன. கூதிர்ப்பள்ளியின் சாளரம் சிறிதாயிருந்தமையும் அங்கே குறிக்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் முற்றம் வெப்பக்காற்று மேலெழுந்து செல்ல வழிவிட்டது. தாழ்ந்த இறவாரமும் திண்ணையும் சுவரில் வெயில் படாது காத்தன. அடுக்கடுக்காக வேய்ந்த பனையோலை தன்னகத்தே காற்றைச் சிறைப்படுத்தி நல்லதொரு காவலியாயிற்று. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, பத்திக் ஓவியக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக 1960ஆம் ஆண்டு தொடங்கி 1962இற் கொழும்பில் நிறைவேற்றிய வீட்டை நடுமுற்றத்தைச் சூழ அமைத்தார். பழைய அமைப்பு நகரத்துச் சிறு நிலத்துக்கும் ஏற்றதே என்பதற்கு அவ்வீடு சான்றாயிற்று. இன்றோ, தகட்டுக் கூரையும் தட்டையான சீமெந்துக் கூரையும் நிழலற்ற கண்ணாடிச் சாளரங்களும் வைத்து வெப்பத்தை வலிந்து வரவேற்றபின், அதனைத் துரத்த இயந்திரம் வாங்குகின்றனர்.

இப்பொருள் உயிரோடு தொடர்புடையது என்பதற்கு அண்மைக்கால வரலாறு சான்று. 2003ஆம் ஆண்டு ஆவணித் திங்களிற் பிரான்சு நாட்டை வாட்டிய வெப்ப அலையால் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் முதியோர். கூரைக்கு நேர் கீழே உள்ள மேல்மாடி அறையில் உறங்கியோர்க்கும், வெப்பக் காவலியற்ற வீடுகளில் வாழ்ந்தோர்க்கும் ஆபத்து மிகுதியாக இருந்தமையைப் பின்வந்த ஆய்வு காட்டிற்று. இலங்கையில் 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. மின்சாரம் நின்றதும் இயந்திரம் நிற்கும். நிழலும் காற்றோட்டமும் நில்லா. வளிச்சீராக்கி வாங்கும் வசதியில்லாதவர்க்கு அவையே என்றும் துணை.

ஆகவே, வீடு கட்டுவோரும் திருத்துவோரும் கைக்கொள்ளத்தக்க முறை தெளிவானது. முதலிற் கூரையையும் சாளரத்தையும் நோக்குக. அடுத்து விசிறியை நாடுக. அதன்பின்னும் தேவையிருப்பின் அளவறிந்து, திறன்மிக்க பொறியொன்றை வாங்கி, மிதமான பாகையில் வைத்து ஆளுக. குளிர் நாட்டு மாணவர்க்கும் இவ்வரிசையே பொருந்தும். அங்கே நிழலுக்கு ஈடாகக் காவலியும், வளிச்சீராக்கிக்கு ஈடாக வெப்பப் பம்பியும் நிற்கும். இயந்திரத்தைப் பழித்தல் அறிவியலாகாது. நோயாளர்க்கும் முதியோர்க்கும் அது உயிர்காக்கும் துணையாதலும் உண்டு. ஆயினும், சுவரும் கூரையும் மரமும் செலவின்றிச் செய்யவல்ல பணியை இயந்திரத்தின் தலையிற் சுமத்துதல், வாய்க்கால் உடைந்திருக்கத் துலா மிதிப்பதனை ஒக்கும். வாய்க்காலை அடைத்தபின் இறைக்கும் நீரே பயிருக்குப் போய்ச் சேரும்.