ஊசியின் காதும் தலைமேல் தணலும்: விவிலியத்தின் அரிய தொடர்களைப் பொருள்கொள்ளும் முறை

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை பல சமயங்கள் அடுத்தடுத்து வாழும் சாலை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் மொய்தீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசல் இச்சாலைக்குப் பெயர் தந்தது. சீனர்களின் குவான் யின் கோயிலும் இச்சாலையிலேயே உள்ளது. மகா மாரியம்மன் கோயில் அடுத்த தெருவில் உள்ளது. சாலையின் வடமுனையில் 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் நிற்கிறது. அத்திருச்சபையில் குருவாகப் பணியாற்றிய ஹட்சிங்ஸ், 1816இல் பினாங்கு ஃபிரீ பள்ளியைத் தோற்றுவித்தவர்; மலாய் விவிலியத்தைத் திருத்தும் பணியிலும் ஈடுபட்டவர். பள்ளிக்கூடமும் மொழிபெயர்ப்பும் இங்கே ஒருவர் கையிலேயே இணைந்திருந்தன.

இத்தகைய சூழலில் ஒருவர் மற்றவருடைய மறைநூலைப் படிக்க நேர்வது இயல்பு. அவ்வாறு படிக்கும்போது சில தொடர்கள் திகைப்பூட்டுகின்றன. அத்திகைப்பு எங்கே பிறக்கிறது என்று பார்க்காமலே விளக்கம் கூறப் புகுவதால்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. மூலமொழியின் மரபிலிருந்து அது எழலாம், மொழிபெயர்ப்பிலிருந்து எழலாம், படிப்பவரின் சொந்த மொழிவழக்கிலிருந்தும் எழலாம். இதனை மூன்று எடுத்துக்காட்டுகளால் காண்போம்.

1. ஒட்டகமும் ஊசியும்

செல்வர் இறையாட்சிக்குள் புகுவதைக் காட்டிலும் ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்னும் கருத்து மத்தேயு (19:24), மாற்கு (10:25), லூக்கா (18:25) ஆகிய மூன்று நற்செய்திகளிலும் வருகிறது. இவ்வளவு பெரிய விலங்கை இவ்வளவு சிறிய துளையோடு சேர்த்தது ஏன் என்று வியந்தோர் இரண்டு வழிகளில் அதனை எளிதாக்க முயன்றனர்.

முதல் வழி, சொல்லை மாற்றுவது. கிரேக்கத்தில் ஒட்டகம் ‘காமேலோஸ்’. கப்பற்கயிற்றைக் குறிக்கும் சொல் ‘காமிலோஸ்’. பிற்காலக் கிரேக்க ஒலிப்பில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலித்தன. பிற்காலப் படிகள் சிலவற்றில் கயிற்றைக் குறிக்கும் சொல்லே எழுதப்பட்டுள்ளது. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியாவின் சிரில் இவ்விளக்கத்தை ஆதரித்தார். ஆனால் தொன்மையான படிகள் ஒட்டகத்தையே காட்டுகின்றன. அன்றியும், கப்பற்கயிறும் ஊசியில் நுழையாது. இம்மாற்றத்தால் பெறும் பயன் சிறிதே.

இரண்டாவது வழி, ஊசியை வாயிலாக்குவது. எருசலேம் மதிலில் ‘ஊசிக்காது’ என்னும் சிறு வாயில் இருந்ததாகவும், சுமையை இறக்கி மண்டியிட்டால் ஒட்டகம் அதனுள் புக முடிந்ததாகவும் கூறுவர். கேட்பதற்கு இனிய விளக்கம் இது. பல வகுப்பறைகளிலும் சொல்லப்படுகிறது. எனினும், இயேசுவின் காலத்தில் அப்பெயருடைய வாயில் இருந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. நூலின் போக்கும் இதற்கு இடந்தரவில்லை. இச்சொல்லைக் கேட்ட சீடர்கள், அப்படியானால் மீட்புப் பெறுவோர் யார் என்று திகைக்கின்றனர். மனிதரால் இயலாதது கடவுளால் இயலும் என்பது அவர்கள் பெறும் விடை. குனிந்தால் புகக்கூடிய வாயிலானால் திகைப்பும் தேவையில்லை. அந்த விடையும் பொருந்தாது.

எனவே இது இயலாமையை உணர்த்தும் உயர்வுநவிற்சி. இதை ஒத்த வழக்குகள் அப்பகுதியில் வேறும் உண்டு. பாபிலோனிய தால்மூது, ஊசியின் காதில் நுழையும் யானையைப் பேசுகிறது. நிலத்துக்கேற்ப விலங்கு மாறுகிறது, கருத்து மாறவில்லை. குர்ஆனின் ஏழாம் அத்தியாயம் நாற்பதாம் வசனத்திலும் இதே உவமை வருகிறது. இறைச்சான்றுகளைப் பொய்யென்று கூறிச் செருக்குற்றோர் சுவனம் புகும் இயலாமையை அங்கே ஒட்டகமும் ஊசியுமே உணர்த்துகின்றன. வியப்பு என்னவென்றால், அரபு உரையாசிரியர்களிடையேயும் அது ஒட்டகமா, கப்பற்கயிறா என்னும் ஆராய்ச்சி எழுந்தது. ஒரே சாலையில் உள்ள பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஓதப்படும் இரு மறைநூல்கள் ஓர் உவமையைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றின் உரைகள் ஒரே ஐயத்தையும் பகிர்ந்துகொள்கின்றன.

தமிழருக்கு இத்தகைய கூற்று புதிதன்று. ‘முயற்கொம்பு’ என்னும்போது எந்த முயலுக்குக் கொம்பு முளைத்தது என்று நாம் ஆராய்வதில்லை. மணலைக் கயிறாகத் திரிப்பது என்றால் இயலாத செயல் என்றே உணர்கிறோம். நம் மொழிக்கு அளிக்கும் இவ்வுரிமையைப் பிறமொழி நூலுக்கும் அளித்தல் வேண்டும்.

‘காது’ என்னும் சொல்லையும் சற்று நோக்குக. கிரேக்க மூலத்தில் இருப்பது ‘துளை’ என்னும் பொருளுடைய சொல்லே. மலாயிலும் அது ‘லுபாங் ஜாரும்’, அதாவது ஊசித்துளை. ஆங்கிலேயர் அதனைக் கண் என்பர். தமிழர் காது என்பர். தமிழ்த்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஊசிக்குச் செவி ஏது என்று ஆங்கிலேயர் திகைப்பர். நமக்குப் புதிராகத் தெரியாதது அவர்க்குப் புதிராகும். பட்டினத்தார் வரலாற்றில் காதற்ற ஊசி ஒன்றே அவரைச் செல்வத்தைத் துறக்கச் செய்ததாக மரபு கூறுகிறது. ஊசியையும் செல்வத்தையும் சேர்த்தெண்ணும் நெஞ்சம் தமிழருக்கு முன்னரே வாய்த்திருக்கிறது.

2. பெற்றோரை வெறுத்தல்

லூக்கா 14:26இல், தன்னிடம் வருபவர் தந்தை தாயரை வெறுக்காவிடில் சீடராக இயலாது என்னும் கருத்து அமைந்துள்ளது. அன்னையையும் பிதாவையும் முன்னறி தெய்வமாகக் கற்று வளர்ந்த தமிழ் மாணவருக்கு இது அதிர்ச்சி தருவது. தாய் தந்தையரைப் போற்றுக என்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. காணிக்கையைக் காரணமாகக் காட்டிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசுவே கடிந்ததாக மாற்கு ஏழாம் அதிகாரம் கூறுகிறது. அவ்வாறாயின் இம்முரண் எங்ஙனம் தீரும்?

எபிரேய மரபில் அன்பும் வெறுப்பும் இணைச்சொற்களாக வரும்போது, ‘வெறுத்தல்’ பல இடங்களில் ‘குறைவாக நேசித்தல்’ என்னும் பொருளைத் தருகிறது. தொடக்கநூல் 29ஆம் அதிகாரத்தில் யாக்கோபு லேயாளைவிட ராகேலை மிகுதியாக நேசித்தான் என்ற செய்தியை அடுத்து, லேயாள் வெறுக்கப்பட்டதாக மூலம் கூறுகிறது. மத்தேயு 10:37 இதே அறிவுரையை ஒப்பீடாகவே தருகிறது: தந்தை தாயரிடம் கொள்ளும் அன்பு தன்னிடம் கொள்ளும் அன்பை மிஞ்சலாகாது என்பதே அங்குள்ள கருத்து.

தமிழ் மொழிபெயர்ப்புகள் இங்கே இரு வழியில் சென்றுள்ளன. 1871இல் வெளிவந்த திருப்புதல் ‘வெறுத்தல்’ என்னும் சொல்லையே வைத்துக்கொண்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, மேலாகக் கருதுதல் என்னும் ஒப்பீட்டுப் பொருளைத் தந்தது. முன்னது மூலத்தின் கூர்மையைக் காத்தது. பின்னது அதன் கருத்தைக் காத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கே முழுப்பொருள் கிட்டும். முன்னதை மட்டும் கையிலெடுத்து ஓர் இளைஞனை அவன் வீட்டாரிடமிருந்து பிரிக்க முயல்வது மூலமொழி மரபை அறியாமையின் விளைவாகும்.

3. தலைமேல் தணல்

பகைவன் பசித்தால் உணவும், தாகமுற்றால் நீரும் கொடு. அதனால் அவன் தலைமேல் எரிதணலைக் குவிப்பாய் என்னும் பொருளுடைய பகுதி நீதிமொழிகள் 25:21-22இல் உள்ளது. பவுல் அதனை உரோமையர் 12:20இல் எடுத்தாளுகிறார்.

இங்கே திகைப்பை மிகுவிப்பது நம் தமிழே. ‘தலையில் நெருப்பை அள்ளிக் கொட்டினான்’ என்றால் பெருங்கேடு செய்தான் என்பதே நம் வழக்கு. ஆகவே உதவுவதுபோல் நடித்துப் பழிவாங்கும் சூழ்ச்சியாக இதனைத் தமிழர் கொள்ளக்கூடும். ஆனால் பழிவாங்காதீர் என்று முந்திய வசனமும், தீமையை நன்மையால் வெல்க என்று பிந்திய வசனமும் அப்பொருளை இருபுறமும் தடுக்கின்றன. அகுஸ்தீன், ஜெரோம் போன்ற பண்டை உரையாசிரியர்கள் இத்தணலை உள்ளத்தைச் சுடும் நாணமாகவும் மனவருத்தமாகவும் கொண்டனர். பண்டை எகிப்தியக் கதை ஒன்றில், தவற்றை உணர்ந்தவன் தலைமேல் தீச்சட்டி ஏந்தி வருவதைச் சுட்டி, இது மனந்திரும்புதலின் அடையாளம் என விளக்குவோரும் உளர்.

நாணத்தால் ஒறுத்தல் தமிழர் நன்கறிந்த அறம். இன்னா செய்தவர் நாணும்படி அவர்க்கு நன்மை செய்துவிடுதலை 314ஆம் குறள் வலியுறுத்துகிறது. மரபுத்தொடர் நம்மை வழிதவறச் செய்த இடத்தில், நம் அறநூலே வழிகாட்டுகிறது.

வகுப்பறைக்குச் சில நெறிகள்

அரிய தொடர் ஒன்றைக் கண்டவிடத்து, முதலில் அதன் முன்னும் பின்னும் உள்ள பகுதிகளைப் படித்தல் வேண்டும். அடுத்து, அதே கருத்து வேறிடத்தில் வேறு சொற்களால் வந்துள்ளதா எனத் தேடுதல் வேண்டும். பின்னர், இரு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு, வேறுபாடு தோன்றும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இறுதியாக, நம் மொழிவழக்கு இடையே புகுந்து பொருளைத் திரித்ததா என்று நம்மையே வினவுதல் வேண்டும்.

இனிய விளக்கமெல்லாம் உண்மை விளக்கமாகாது. ஊசியை வாயிலாக்கும் விளக்கம் செல்வரின் மனவுறுத்தலைத் தணிக்கிறது. ஆனால் நூல் தணிக்க விரும்பாத ஒன்றையே அது தணிக்கிறது. கடினமான தொடரைக் கடினமாகவே விட்டுவைப்பதும் சில வேளைகளில் நேர்மையான உரையாகும்.

இந்நெறி விவிலியத்துக்கு மட்டும் உரியதன்று. அயலாரின் மறைநூலிலிருந்து ஒரு வரியைப் பிரித்தெடுத்து எள்ளுவது எளிது. அவ்வாறே நம் நூலிலிருந்து ஒரு வரியை எடுத்து அவரும் எள்ளலாம். நம் நூலுக்கு எத்தகைய உரையாசிரியரை விரும்புவோமோ, அத்தகைய உரையாசிரியராக அயலாரின் நூலுக்கு நாம் இருத்தல் வேண்டும். பல மறைநூல்கள் ஒரே சாலையில் ஓதப்படும் நகரில் மொழி கற்பிப்போர்க்கு இது தலையாய கடமையாகும்.