கையொப்பம் போட்டு வந்த புத்தகங்கள்

"எழுதி வச்சாச்சு, யார் போடுவாங்க?" தீவுகளில் தமிழ் எழுதுகிற யாரும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். புரோத்ராபூருக்கும் சென்னைக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. ஆனால் தூரத்தைவிடப் பெரிய தடை கணக்குதான். முதல் போடும் பதிப்பாளர், எத்தனை பிரதி விற்கும் என்று பார்ப்பார். அதில் குற்றமில்லை. அப்படியானால் வாசகரே முதல் போட்டால் என்ன?

இது இணையம் கொண்டுவந்த புதுமை அன்று. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, அவருக்குப் பின்னால் பெரிய பதிப்பகம் எதுவும் இல்லை. அன்று 'கையொப்பம்' என்றொரு வழக்கம் இருந்தது. நூல் வருமுன்பே "எனக்கு இத்தனை பிரதி" என்று அன்பர்கள் கையெழுத்துப் போடுவார்கள்; சிலர் முன்பணமும் தருவார்கள். இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப் 1715 முதல் 1720 வரை இலியத் மொழிபெயர்ப்பை ஆறு பாகங்களாக வெளியிட்டதும் இந்த முறையில்தான். "கையில காசு, வாயில தோசை" என்பது கடைக்காரர் நியாயம். இங்கே காசு முன்னாலும் தோசை வெகு நாள் கழித்தும் வரும். நடுவில் நிற்பது நம்பிக்கை ஒன்றே.

எல்லா முயற்சியும் பலித்துவிடவில்லை. அபிதான சிந்தாமணியைத் தொகுத்த ஆ.சிங்காரவேலு முதலியார் உதவி தேடி அலைந்த பிறகு, பாண்டித்துரைத் தேவரின் துணையால்தான் 1910-இல் நூல் வெளிவந்தது. பாரதியார் 1920-இல் தம் நூல்களை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அச்சிட எண்ணி நண்பர்களிடம் கடனாகப் பணம் கேட்டார். பணம் சேரவில்லை, மறு வருஷம் அவரும் மறைந்தார்.

இன்று நிலைமை எளிது. 2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்களில் குறித்த தொகை சேராவிட்டால் யாரிடமும் பணம் எடுக்கமாட்டார்கள். ஆஃப்செட் அச்சில் நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் பிளேட் செலவு ஒன்றுதான். டிஜிட்டல் அச்சிலோ ஐம்பது பிரதி போட்டாலும் கட்டுப்படியாகும். 2016 முதல் கிண்டிலில் தமிழ் நூலை நாமே ஏற்றலாம். ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் முகமை கட்டணமின்றித் தருகிறது.

ஒன்றை மறக்கக்கூடாது. பதிப்பாளர் செய்த வேலை எங்கும் போய்விடாது; நம் தலையில் ஏறும். பிழைதிருத்தம், பக்க அமைப்பு, கட்டு கட்டி அனுப்புவது எல்லாம் நம் பொறுப்பு. "நீங்க பணம் கட்டுங்க, நாங்க போட்டுத் தர்றோம்" என்று யாராவது வந்தால், உரிமை யாருக்கு, எத்தனை பிரதி, விற்றதற்குக் கணக்கு உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் சிலர் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தத் தீவைச் சூறையாடியது. அந்தக் கதையெல்லாம் இன்று பெரியவர்கள் நினைவில் இருக்கிறது. பெரிய பதிப்பகத்துக்கு அது சிறிய சந்தை. நமக்கோ அது குடும்பச் சொத்து. நூறு குடும்பம் ஆளுக்கொரு பிரதிக்குக் கையொப்பம் போட்டால் ஒரு புத்தகம் வந்துவிடும். சொல்ல ஆள் இருக்கும்போதே போடுவோமே!