டயா பார்க்கத் தெரிந்தவர்கள் டயரையும் அளக்கலாம்

திருமுருகன்பூண்டி சிற்பக் கூடங்களின் உளிச் சத்தத்தைத் தாண்டி அவிநாசி சாலைக்கு வந்தால், பனியன் கம்பெனி வண்டிகளுக்கு நடுவே பச்சை நம்பர் பிளேட் கார்களும் கண்ணில் படுகின்றன. பேட்டரி காருக்கு முதல்முறையாக டயர் மாற்றப் போகிறவர் கடையில் கேட்கக்கூடிய பதில் ஒன்று உண்டு: “அந்த சைஸ் ஸ்டாக் இல்லைங்க. இதைப் போட்டாலும் உக்காந்துக்கும்.”

உட்காரும்தான். ரிம் அளவு ஒத்துப்போனால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். ஆனால் இந்த ஊரில் துணி உருளையைத் தொட்டுப் பார்த்து மட்டும் யாரும் வாங்குவதில்லை. டயா (விட்டம்) என்ன, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்ன என்று கேட்டுவிட்டுத்தான் கட்டிங் மேசைக்கு விடுவார்கள். டயருக்கும் அதே இரண்டு கேள்விகள்தான்: முழு விட்டம் எவ்வளவு, எத்தனை கிலோ தாங்கும்?

விட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2023-ல் வந்த எம்ஜி காமெட்டுக்கு 145/70 ஆர்12. பன்னிரண்டு இன்ச் டயர் கேட்டால், ஆல்டோ 800-க்குப் போடும் 145/80 ஆர்12-ஐ எடுத்துக் காட்ட வாய்ப்பிருக்கிறது. அகலமும் ரிம்மும் ஒன்று. நடுவில் உள்ள எண் மட்டும் வேறு. அது டயரின் பக்கவாட்டு உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. 145 மில்லிமீட்டரில் 70 சதவீதம் 101.5. இதை இரண்டால் பெருக்கி, 12 இன்ச்சுக்கு உரிய 304.8-ஐக் கூட்டினால் முழு விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர். 80 போட்டுக் கணக்குப் பார்த்தால் 537. கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரிது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்தே வேகமானி வேகம் காட்டுகிறது. அதனால் வேகமானி 60 காட்டும்போது வண்டி 63-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். கிலோமீட்டர் கணக்கும் குறைவாகவே ஏறும். வளைவில் திருப்பும்போது டயர் சக்கரக் கூட்டில் உரசவும் கூடும்.

அடுத்தது சுமை. என் பார்வையில் விட்டத்தைவிட இதுதான் முக்கியம். கடையில் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். டாடா நெக்ஸான் இவியின் அளவு 215/60 ஆர்16. இந்த அளவில் 95எச் என்று அச்சிட்ட டயர்கள் பரவலாகக் கிடைக்கின்றன. 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை என்பதற்கான குறி. விலை குறைகிறதே என்று 195/60 ஆர்16-ல் 89 எண் உள்ள டயரைப் போட்டால் தாங்குவது 580 கிலோதான். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 440 கிலோ தாங்குதிறன் போய்விடுகிறது. பேட்டரியால் ஏற்கெனவே கனமான வண்டி அது. அதில் குடும்பத்தையும் நாலு பெட்டி சாம்பிள் துணியையும் ஏற்றிக்கொண்டு சித்திரை வெயிலில் கோவைக்குப் போகிறவர் இந்தத் துணிச்சலான காரியத்தைச் செய்யவே கூடாது. எண் கூடலாம், குறையக் கூடாது.

நெக்ஸான்காரர்கள் அளவு மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. பிரெஸ்ஸாவுக்கும் வென்யூவுக்கும் வருவது இதே 215/60 ஆர்16 என்பதால் கிடைப்பது எளிது. அழகுக்காக அகல டயர் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உருளும் தடை பொதுவாகக் கூடும், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். மிதித்தவுடன் மோட்டார் முழு இழுவையையும் தருவதால் பட்டன் (டிரெட்) தேய்மானமும் பேட்டரி காரில் அதிகம். இதை மனதில் வைத்துத்தான் ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்போலோ 2022-ல் ஆம்பீரியன் என்று மின்சார கார்களுக்கென்றே ஒரு டயர் கொண்டுவந்தது.

சட்டப் பக்கமும் உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு வைக்கிறது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் முன் நின்று வாதாட வேண்டிய நிலை யாருக்கும் வேண்டாம்.

டிரெட் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர், அதாவது சட்டம் அனுமதிக்கும் எல்லை. அதுவரை காத்திருந்தால் கடையில் இருப்பதைத்தான் வாங்க நேரும். 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே, டிரைவர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் டயர் அளவு ஸ்டிக்கரை போனில் படமெடுத்து, பழைய டயரின் சுமை எண்ணோடு சேர்த்துக் கடைக்காரருக்கு அனுப்பி ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.