புகைக்கு அளவுண்டோ?

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் முன்னோர் மொழி. புகைப்பழக்கம் உடையோர் பலர் இப்பழமொழியைத் தமக்குத் துணையாகக் கொள்வர். "நாளொன்றுக்கு ஒன்றோ இரண்டோதானே! அளவோடு நின்றால் தீங்கில்லை" என்பது அவர்தம் வாதம். பழமொழி அமிர்தத்திற்கு அளவு கூறியதேயன்றி நஞ்சுக்கு அளவு கூறவில்லை. இதயத்தைப் பொறுத்தவரை இவ்வாதம் எத்துணைப் பிழையானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகை என்றவுடன் நுரையீரற் புற்றுநோயே பலர் நினைவுக்கு வரும். மாரடைப்பை அதனோடு இணைத்து எண்ணுவோர் சிலரே. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948ஆம் ஆண்டு 5,209 ஆடவர் மகளிரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கப்பெற்றது. சிகரெட் புகைப்போர்க்கு இதயநோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதை அவ்வாய்வு 1960ஆம் ஆண்டளவில் வெளிப்படுத்தியது. பிரிட்டனில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகிய அறிஞர்கள் 1951இல் மருத்துவர்களையே ஆய்வுக்கு உட்படுத்தினர். அதன் ஐம்பதாண்டு முடிவு 2004இல் வெளிவந்தது. புகைப்பழக்கத்தை விடாதோர், புகையாதோரினும் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னரே இறந்தனர் என அது காட்டியது.

புகை இதயத்தைத் தாக்குவது எங்ஙனம்? நிகோட்டின் அட்ரினலின் சுரப்பைத் தூண்டுகிறது, நாடித்துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது. மிகுதியாக உழைக்கும் இதயத்திற்கு மிகுதியான ஆக்சிஜன் தேவை. ஆனால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. வேலையைக் கூட்டிக் கூலியைக் குறைப்பது போன்றது இது. மேலும், புகையின் நச்சுப்பொருள்கள் இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. அங்கே கொழுப்பு படிந்து வழி குறுகுகிறது. இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை பெறுகின்றன. குறுகிய வழியில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதே மாரடைப்பு.

உட்சுவரும் இரத்தத் தட்டுகளும் சிறிதளவு புகைக்கே இவ்வாறு மாறிவிடுகின்றன. எனவேதான் குறைத்துப் புகைப்பதால் ஆபத்து அதே அளவில் குறைவதில்லை. நாளொன்றுக்கு 20 சிகரெட் புகைப்போர்க்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி, ஒன்றே ஒன்று புகைப்போர்க்கும் உண்டு என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கட்டுரை ஒன்று மெய்ப்பித்தது. இருபதில் ஒரு பங்குதான் இருக்கும் என்று கணக்கிட்டவர் ஏமாந்தவரே.

"பீடி தீங்கற்றது" என்பதும் இத்தகைய மயக்கமே. 52 நாடுகளில் நிகழ்ந்து 2006இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, பீடி புகைப்போர்க்கும் மாரடைப்பு ஆபத்து மிகுகிறது என அறிவித்தது. தாம் புகையாமல், பிறர் விட்ட புகையை வீட்டிலோ பணியிடத்திலோ சுவாசிப்போர்க்கும் இதயநோய் வாய்ப்பு நூற்றுக்கு 25 முதல் 30 வரை கூடுகிறது. கணவன் புகைக்க மனைவியின் இதயம் தண்டனை பெறுதல் அறமாகுமா?

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. புகையை விட்ட ஓராண்டில், புகையால் கூடிய இதயநோய் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. முன்னர்க் கூறிய பிரிட்டன் ஆய்வின்படி, 60 வயதில் விட்டோரும் 3 ஆண்டுகளை மீட்டனர். 40 வயதில் விட்டோர் 9 ஆண்டுகளை மீட்டனர். 30 வயதில் விட்டோர் இழப்பை ஏறத்தாழ முழுமையாகத் தவிர்த்தனர். மீள இயலாத பருவம் என ஒன்றில்லை; ஆயினும் முந்தினோர்க்கே பயன் மிகுதி.

கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத் தொலைவுக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சட்டம் காக்கும் தொலைவு அவ்வளவே. அதற்கப்பால், நண்பன் நீட்டும் முதல் சிகரெட்டின்முன் மாணவன் தனியே நிற்கின்றான். "ஒன்றுதானே!" என்னும் சொல் அவன் செவியில் விழும் இடமும் அதுவே. அந்த ஒன்றையும் இதயம் பொறுப்பதில்லை என்பதை அறிந்து மறுத்தலே அறிவுடைமை.