பக்கவாதத்திற்குப் பின்: உதவி கேட்கப் பழகுதல், பொறுமையுடன் மீளுதல்

பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் பலர், "இனி எல்லாவற்றிற்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியுள்ளதே" என வருந்துவதுண்டு. அவ்வருத்தம் இயல்பானது. ஆயினும், அதன் காரணமாக உதவி கேட்காமல் இருப்பது மீட்சியைத் தாமதப்படுத்தும். சில வேளைகளில் ஆபத்தையும் விளைவிக்கும்.

மீட்சி ஏன் மெதுவாக நிகழ்கிறது?

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. பாதிப்புற்ற பகுதி செய்துவந்த வேலையை மூளையின் பிற பகுதிகள் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்கின்றன. அதற்கு மீண்டும் மீண்டும் செய்யும் பயிற்சி தேவை. முன்னேற்றம் பொதுவாக முதல் 3 மாதங்களில் விரைவாக இருக்கும். பின்னர் வேகம் குறைந்தாலும் முயற்சி வீணாவதில்லை. நேற்றுச் சட்டைப் பொத்தானைப் போட்ட விரல்கள் இன்று தடுமாறலாம். களைப்பினாலும் தூக்கக் குறைவினாலும் இவ்வாறு நேர்வதுண்டு. ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்; உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்.

ஆனால், திடீரென முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், கை கால்களில் புதிதாகப் பலவீனம் ஆகியவை தோன்றினால் பொறுத்திருக்கக் கூடாது. உடனே 108 எண்ணை அழையுங்கள்.

எவ்வாறு கேட்பது?

இரவில் எவரையும் எழுப்ப மனமின்றித் தனியே கழிவறைக்குச் சென்று, வழுக்கி விழுந்து, எலும்பு முறிவுடன் மீண்டும் மருத்துவமனைக்கு வருவோர் உண்டு. படுக்கையருகே ஒரு மணியை வைத்துக்கொள்ளுங்கள். தயங்காமல் அடியுங்கள்.

எந்த உதவி தேவை, எது தேவையில்லை என்பதைத் தெளிவாகக் கூறுங்கள். "குளியலறை வரை உடன் வாருங்கள், சட்டையை நானே போட்டுக்கொள்கிறேன்" என்பது ஓர் எடுத்துக்காட்டு. இதனால் பாதுகாப்பும் கிடைக்கும், பயிற்சியும் தடைபடாது. பேச்சு பாதிக்கப்பட்டிருந்தால் சைகையாலோ படங்களைச் சுட்டிக்காட்டியோ தெரிவிக்கலாம்.

பராமரிப்பாளர்களுக்கு

நோயாளியால் இயலும் செயலை, நேரமானாலும், அவரே செய்து முடிக்க விடுங்கள். நடக்கும்போது பலவீனமான பக்கத்தில் நில்லுங்கள். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு பாதிக்கப்படும். நீங்களும் ஓய்வெடுக்க வேண்டும். வாரத்தில் சில மணி நேரமாவது பொறுப்பை ஏற்குமாறு உறவினரிடம் கேளுங்கள்.

மனச்சோர்வைக் கவனியுங்கள்

பக்கவாதத்திற்குப் பின் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. 2 வாரங்களுக்கு மேல் துயரம், எதிலும் நாட்டமின்மை, பயிற்சியில் வெறுப்பு ஆகியவை நீடித்தால் மருத்துவரிடம் கூறுங்கள். இது மன உறுதியின்மை அன்று. சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய். டெலி மானஸ் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.

எங்கு உதவி பெறலாம்?

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வாயிலாக இயன்முறை சிகிச்சை இல்லத்திற்கே வந்து அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விவரம் கேட்டறியுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது மூன்று செய்திகளைத் தவறாது கூறுங்கள்: விழுந்தீர்களா, எந்த அன்றாடச் செயல் மிகக் கடினமாக உள்ளது, மனநிலை எவ்வாறு உள்ளது. உங்களுக்கான அடுத்த கட்டப் பயிற்சியை முடிவு செய்ய இவை உதவும்.